கல்லாக் காசும் உழைத்த கூலியும்
(ஒரு மொத்த வியாபாரி, விருதுநகர்)



வரி, எடைக்கல் முத்திரை, உணவுப் பொருள் உரிமம் ஆகியவற்றைப் பற்றித்தான் இந்த இதழில் நான் எழுதுவது வழக்கம். இம்முறை எழுத எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. சென்ற கூட்டத்தில் வந்தவர்களுக்குக் காரணம் தெரியும். வாராவாரம் கடை கடையாக வந்து பணம் கேட்கும் திருநங்கையரைத் தடுக்கச் சொல்லிக் காவல்துறைக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. பலர் கை தூக்கினார்கள். நானும் பாதி தூக்கி, பிறகு இறக்கிக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று செயலாளர் ஒத்திவைத்தார்.

ஏன் கையை இறக்கினீர்கள் அண்ணாச்சி என்று வெளியே வந்ததும் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒத்துக்கொள்பவர்கள் ஒத்துக்கொள்ளுங்கள். மறுப்பவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள்.

சட்டம் வந்த கதை

திருநங்கையர், திருநம்பியர் பாதுகாப்புக்கு என்று நாட்டில் ஒரு சட்டம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு என்பது தெரிந்தவர்கள் இன்னும் குறைவு.

2014 ஏப்ரல் 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களை மூன்றாம் பாலினத்தவர் என்று சட்டம் ஏற்க வேண்டும். அவர்களும் இந்த நாட்டுக் குடிமக்களே. கல்வியிலும் வேலையிலும் அவர்களுக்கு ஒதுக்கீடு தர வேண்டும் என்றது. அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 2008-ல், நம் தமிழ்நாட்டில் அவர்களுக்கென நலவாரியம் அமைந்துவிட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல் வாரியம். 'திருநங்கை' என்ற மரியாதையான சொல்லையும் அந்தக் காலத்தில்தான் நம் அரசு புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் நம் கடைத்தெருவில் அவர்களை என்ன சொல்லி அழைத்தோம் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

தீர்ப்பு வந்த பிறகு, மாநிலங்களவையில் நம் தமிழ்நாட்டு உறுப்பினர் திருச்சி சிவா ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதா நிறைவேறுவது நம் நாடாளுமன்றத்தில் அத்திப்பூ பூத்த மாதிரி. திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், அரசே ஒரு மசோதா கொண்டுவரும் என்று அமைச்சர் கேட்டும் அவர் விடவில்லை. 2015 ஏப்ரல் 24-ல் அவை அதை ஏற்றுக்கொண்டது. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத ஒதுக்கீடு, தனி ஆணையம், தனி நீதிமன்றம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் மக்களவையில் அது நிறைவேறவில்லை.

2016-ல் அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் ஒதுக்கீடும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. யார் திருநங்கை என்பதை மருத்துவரும் அதிகாரிகளும் அடங்கிய ஒரு குழு சோதித்துச் சொல்லும் என்று இருந்தது. என்னை நானே அறிவேன், என்னைச் சோதிக்க நீ யார் என்று அந்த மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. நிலைக்குழு ஆராய்ந்தது, திருத்தங்கள் வந்தன, 2018 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியது, தேர்தல் வந்ததால் காலாவதியானது, மறுபடி கொண்டுவரப்பட்டது. கடைசியில் 2019 நவம்பர் 26-ல் மாநிலங்களவை நிறைவேற்றி, 2020 ஜனவரி 10 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பி இன்னும் ஆராய வேண்டும் என்று திருச்சி சிவா கேட்டதை அவை ஏற்கவில்லை.

பிச்சை பற்றிய பிரிவு

இந்த வாதங்களில் நம் தீர்மானத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது ஒன்று உண்டு.

2016 மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. திருநங்கையரைப் பிச்சை எடுக்கக் கட்டாயப்படுத்துவதும் தூண்டுவதும் குற்றம், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? திருநங்கையரேதான். அவர்கள் சொன்ன காரணத்தை வியாபாரியாகிய நாம் நிதானமாகக் கேட்க வேண்டும்.

"பள்ளியில் கேலி பொறுக்காமல் படிப்பை விட்டோம். வீட்டில் அடித்து விரட்டினார்கள். வேலை கேட்டுப் போன இடத்தில் கதவைச் சாத்தினார்கள். எங்களுக்குச் சோறு போட்டு வளர்த்தது எங்களில் மூத்தவர்தான். நீங்கள் வேலையும் தரமாட்டீர்கள், ஒதுக்கீடும் தரமாட்டீர்கள். மிச்சமிருக்கிற ஒரே வழியையும் குற்றம் என்று எழுதி, எங்களுக்குச் சோறு போட்டவரையே தூண்டியவர் என்று சிறையில் வைத்தால் நாங்கள் எங்கே போவது?" என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

2019-ல் வந்த மசோதாவில் பிச்சை என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். கட்டாய உழைப்பு, கொத்தடிமை வேலை என்பவை மட்டும் குற்றமாக நின்றன.

2019 மசோதாவிலேயே கைவிடப்பட்ட ஒன்றைத்தான் நாம் மனுவாக எழுதிக் காவல் நிலையத்தில் கொடுக்கப் பார்த்தோம். நான் கையை இறக்கியதற்கு இது முதல் காரணம்.

என் கடையில் நடந்தது

இரண்டாவது காரணம் என் சொந்தக் கணக்கு. முப்பது ஆண்டுக்கு மேலாக நேராகாமல் கிடக்கும் கணக்கு.

1991-ல் எங்கள் வத்தல் மண்டியில் சிட்டை எழுத ஒரு பையன் சேர்ந்தான். பக்கத்துக் கிராமம், வயது பதினெட்டு இருக்கும். முத்து முத்தான கையெழுத்து. மாலையில் சிட்டையைக் கூட்டிக் கல்லாவோடு ஒப்பிட்டால் காலணா வித்தியாசம் வராது. பேரேட்டில் பற்று வரவு ஏற்றுவதற்கு இரண்டே மாதத்தில் பழகிக்கொண்டான். ஆனால் நடையும் பேச்சும் பெண்பிள்ளை போல இருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் கேலி செய்வார்கள். கொள்முதலுக்கு வந்தவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். இப்படி ஒருவனைக் கணக்குப் பலகையில் உட்கார வைத்தால் கடைப் பெயர் என்னவாகும் என்று வேண்டியவர்களே சொன்னார்கள்.

ஒரு நாள் மாலை அவனைக் கூப்பிட்டு, மாதச் சம்பளத்தோடு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, வேறு இடம் பார்த்துக்கொள் தம்பி என்றேன். நான் என்ன தப்பு செஞ்சேன் முதலாளி என்று கேட்டான். பதில் சொல்லவில்லை. அவன் எழுதிய கணக்கில் தப்பு இருந்தால்தானே சொல்வதற்கு.

பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. கடைக்கு மூன்று திருநங்கையர் வந்தார்கள். இருவர் கை தட்டிக் கேட்டார்கள். மூன்றாமவர் கை நீட்டவில்லை, கணக்குப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப சிட்டை யாரு எழுதுறா அண்ணாச்சி?" என்று கேட்டார். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. எனக்கு வாயே எழவில்லை. பத்து ரூபாய் எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, மற்றக் கடைகளில் செய்கிற மாதிரியே காசைச் சுற்றித் திருஷ்டி கழித்து, யாவாரம் நல்லா நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

அவர் என் கடையில் நேர்மையாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த கூலியை நிறுத்தியவன் நான். பிறகு அதே கடை வாசலில் அவருக்குக் காசு போட்டவனும் நான். இன்று அந்தக் காசைக் கேட்டு வருவது தொந்தரவு என்று மனு எழுதினால், அதில் கையெழுத்துப் போட எனக்கு என்ன யோக்கியதை?

சட்டத்தில் நமக்கு என்ன?

2019-ல் நிறைவேறிய சட்டத்தின் மூன்றாவது பிரிவை ஒவ்வொரு கடைக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்வி, வேலை, மருத்துவம் ஆகியவற்றில் திருநங்கையர், திருநம்பியரிடம் பாகுபாடு காட்டக் கூடாது. பொதுமக்களுக்கு விற்கிற பொருளை, செய்கிற சேவையை அவர்களுக்கு மறுக்கக் கூடாது. வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் அவர்களுக்குள்ள உரிமையைத் தடுக்கக் கூடாது. பொது இடத்துக்குள் வரவிடாமல் தடுப்பதும், வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ விரட்டுவதும், அடித்துத் துன்புறுத்துவதும் தண்டனைக்குரிய குற்றம்.

நிறுவனம் என்று சட்டம் சொல்வதில் கூட்டு வியாபார நிறுவனங்களும் சங்கங்களும் சேரும். 2020-ல் வந்த விதிகள், நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும், புகார் கேட்க ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றன. நாட்டில் எத்தனை நிறுவனங்கள் செய்தன என்று கேட்காதீர்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லி வருத்தப்பட்டது. தனியார் பள்ளிகளில் வேலை இழந்த திருநங்கை ஆசிரியை ஒருவரின் வழக்கில் இழப்பீடு தரச் சொன்னதோடு, சம வாய்ப்புக் கொள்கையை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. வேலை மறுத்தால், வீடு மறுத்தால், அதற்கு மட்டும் என்ன தண்டனை என்று 2019-ல் நிறைவேறிய வடிவில் எழுதவில்லை. பாலியல் கொடுமைக்குக்கூட அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான் தண்டனை. ஒரு பெண்ணுக்கு அதே கொடுமை நடந்தால் குற்றவாளிக்குக் கிடைப்பதைவிட இது மிகவும் குறைவு. எங்கள் உயிருக்கு விலை இவ்வளவுதானா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

நமக்குத் தெரியாததா? பொட்டலத்தில் விலையும் எடையும் அச்சிடாவிட்டால் அபராதம். தராசில் முத்திரை இல்லாவிட்டால் அபராதம். அபராதம் உள்ள சட்டத்தை நாம் மறப்பதில்லை. அபராதம் இல்லாததை யாரும் நினைவில் வைப்பதில்லை. இந்தச் சட்டம் திருத்தப்படலாம், கூடலாம், குறையலாம். டில்லியில் எப்படி எழுதினாலும், வேலை கேட்டு வருகிறவரை உள்ளே கூப்பிடுவதா வாசலோடு அனுப்புவதா என்பதைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற நாம்தான் தீர்மானிக்கிறோம்.

எதிர்வாதங்கள்

கூட்டத்தில் நண்பர்கள் சொன்னதை நான் ஒதுக்கவில்லை. சிலர் மிரட்டிக் கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் முன் அசிங்கமாகப் பேசுகிறார்கள் என்றார்கள். உண்மைதான், எனக்கும் நடந்திருக்கிறது. மிரட்டிப் பணம் பறிப்பது யார் செய்தாலும் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. மிரட்டியவர் யாரோ அவர்மேல் புகார் கொடுங்கள். திருவிழா என்றும் மாநாடு என்றும் ரசீதுப் புத்தகத்தோடு வந்து மிரட்டுகிறவர்களும் உண்டல்லவா? அவர்களுக்காக அவர்கள் சாதிசனம் முழுவதையும் தடுக்கச் சொல்லி நாம் என்றாவது மனுக் கொடுத்தோமா?

வேலை கொடுத்தால் செய்வார்களா, கைக்காசு பழகியவர்கள் நிலைத்து நிற்பார்களா என்று ஒருவர் கேட்டார். கொச்சி மெட்ரோ ரயிலில் 2017-ல் இருபதுக்கும் மேற்பட்ட திருநங்கையருக்கு வேலை கொடுத்தார்கள். நாடே பாராட்டியது. சில வாரங்களுக்குள் பலர் வேலையை விட்டுவிட்டார்கள். வேலை பிடிக்காமல் இல்லை. யாரும் வாடகைக்கு வீடு கொடுக்கவில்லை. விடுதியில் தங்கிச் சம்பளத்தைவிட அதிகமாகச் செலவழிக்க முடியுமா? நம் தமிழ்நாட்டில் பிரித்திகா யாஷினி உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, அவருக்கென்று படிவத்தில் ஒரு கட்டமே இல்லை என்று தள்ளினார்கள். 2015-ல் உயர் நீதிமன்றம் போய் ஜெயித்துத்தான் காக்கி உடுத்தினார். நிலைக்க முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்களுக்கு வெளியே இருக்கிறது.

மூன்றாண்டாக எங்கள் கடையில் பொட்டலம் கட்டும் பிரிவில் ஒரு திருநங்கை வேலை செய்கிறார். முதல் இரண்டு வாரம் கேலி இருந்தது. கேலி செய்தவரைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பிள்ளையைப் பேசினால் என்னைப் பேசிய மாதிரி என்றேன், அடங்கியது. கழிப்பறை என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். உள்தாழ்ப்பாள் ஒன்று சரியாகப் போட்டதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. வீடுதான் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டிய மூன்று பேரிடம் நானே கேட்டேன். மூவரும் கடையில் கடன் சொல்லிச் சரக்கு எடுக்கிற அளவுக்குப் பழக்கம் உள்ளவர்கள். மூவரும் நாசூக்காக மறுத்தார்கள். கடைசியில் என் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தோம். வீட்டில் முதலில் முணுமுணுத்தவர்கள் இப்போது பண்டிகைக்குப் பலகாரம் எடுத்து வைக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. கடைப் பெயரும் கெடவில்லை, வாடிக்கையும் குறையவில்லை.

முன்னோர் வாசல்

இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தடுக்கப்பட்ட வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? 1897-ல் கமுதிக் கோவிலுக்குள் நுழைந்தார்கள் என்பதற்காக நம்மில் பலருடைய முன்னோர்மீது வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் தோற்றது. சட்டமும் கைகொடுக்காத காலம் அது. 1939-ல் கோவில் நுழைவுச் சட்டம் வரும்வரை பொறுத்தார்கள். பொறுத்தார்கள் என்றால் சும்மா இருக்கவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கிப் பள்ளிக்கூடம் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள். நாம் கணக்குப் படித்தது அந்தப் பள்ளிகளில்தான். யாரும் நமக்குக் காசு போட்டு அனுப்பியிருந்தால் நாம் இன்று இந்த இடத்தில் இருக்கமாட்டோம்.

எனது வேண்டுகோள்

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்துக்குப் பதிலாக வேறொன்றை நான் முன்மொழியப் போகிறேன்.

ஒன்று: திருநங்கையர் சரக்கு வாங்க வந்தால், வரிசையில் அவரவர் முறைக்கு, மற்றவர்களைப் போலவே எடைபோட்டுத் தருவது. "ஏய், ஓரமா நில்லு" என்ற பேச்சு எந்தக் கடையிலும் கூடாது.

இரண்டு: மிரட்டல் நடந்தால் ஆள்மீது புகார் கொடுப்பது. கூட்டத்தின்மீது மனு எழுதக் கூடாது.

மூன்று: சங்க உறுப்பினர்களில் பத்துப் பேராவது ஆளுக்கு ஒரு வேலை கொடுப்பது. பொட்டலம் கட்டுவது, பில் போடுவது, கணக்கு எழுதுவது எதுவானாலும் சரி. மற்ற ஆளுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம்.

நான்கு: வாடகை வீடு வைத்திருப்பவர்கள், வேலையில் உள்ள திருநங்கைக்கு அதை மறுக்காமல் இருப்பது. இது மூன்றைவிடக் கஷ்டமானது என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

ஐந்து: சங்கத்திலேயே புகார் கேட்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்து, விதி சொல்கிற கொள்கையை எழுதி அலுவலகச் சுவரில் மாட்டுவது. செலவு ஒரு சட்டத்துக்கான காசுதான்.

இது தர்மம் என்று நான் கேட்கவில்லை. தர்மத்துக்கு நம் ஊரில் குறைவில்லை, வெள்ளிக்கிழமை தோறும் கல்லாவிலிருந்து போகிறது. நான் கேட்பது வேலை. உழைத்துக் கூலி வாங்குகிறவர் கை தட்டிக்கொண்டு வாசலுக்கு வரத் தேவையில்லை. அப்படிக் குறைந்தால் நம் தொந்தரவும் தானாகவே குறையும். வியாபாரி கண்ணோடு பார்த்தாலும் இதில் நஷ்டம் இல்லை.

1991-ல் நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. இந்த இதழ் யார் மூலமாவது அவர் கைக்குப் போனால் தெரிந்துகொள்ளட்டும். தப்பு உன்னுடையது இல்லை தாயி, என்னுடையதுதான்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் தவறாமல் வாருங்கள். யோசித்துவிட்டு வாருங்கள்.